விண்டோஸ் எஸ்எஸ்டியில்தான், ஆனாலும் சிஸ்டம் இழுக்கிறது: இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கோடு ஒரு ஸ்டுடியோ அனுபவம்

கும்பகோணத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். விண்டோஸும் போட்டோஷாப்பும் எஸ்எஸ்டியில், அதாவது சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிரைவில் இருக்கின்றன. படம், வீடியோ எல்லாம் டி டிரைவாகப் போட்ட 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில். தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர்கள், பத்திரிகை அடிக்கிற டிடிபி கடைக்காரர்கள் பலரும் இதே மாதிரிதான் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் சொல்லும் குறையும் ஒன்றுதான்: எஸ்எஸ்டி போட்டும் சிஸ்டம் திடீர் திடீரென்று உறைந்துவிடுகிறது. பல முகூர்த்த சீசன் இந்த அமைப்பில் ஓட்டியவன் என்ற முறையில், எனக்குப் பலன் தந்ததை எழுதுகிறேன்.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டி டிரைவைப் பாருங்கள். என் சிஸ்டம் உறைந்த நேரங்களில் சிபியு பத்து சதவீதம்கூட ஓடாது, ராம் பாதி காலியாக இருக்கும், சி டிரைவ் சும்மா இருக்கும். டி டிரைவ் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். ஆனால் படிக்கிற வேகமோ விநாடிக்கு 1 எம்பியைத் தாண்டாது. அதே இடத்தில் சராசரி பதில் நேரம் என்று ஒரு எண் இருக்கிறது, அதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். நல்ல ஹார்ட் டிஸ்க்கில் சாதாரண வேலைக்கு அது பத்து இருபது மில்லி விநாடிக்குள் இருக்கும். எனக்கு ஆயிரங்களில் போனது. 1000 மில்லி விநாடி என்றால் ஒரு முழு விநாடி. ஒவ்வொரு கேள்விக்கும் டிஸ்க் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டால் எது நகரும்?

டி டிரைவ் திணறினால் சி டிரைவில் இருக்கிற விண்டோஸ் ஏன் நிற்க வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சேவ் செய்யும் பெட்டியைத் திறந்தாலே எல்லா டிரைவையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அது வரும். திஸ் பிசி பக்கம் ஒவ்வொரு டிரைவிலும் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்கும். டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை டி டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தால் பல புரோகிராம்கள் திறக்கும்போதே அங்கேதான் போய் நிற்கும். கேட்டவன் பதில் வரும்வரை நகர முடியாது. அதனால்தான் ஜன்னல் வெளுத்துப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருகிறது.

ஹார்ட் டிஸ்க்கின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். 7200 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லி விநாடி. படிக்கிற தலை சரியான தடத்துக்கு நகர இன்னொரு எட்டு ஒன்பது. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன விஷயங்களை எடுக்கச் சொன்னால் விநாடிக்குச் சுமார் நூறுதான் முடியும். எஸ்எஸ்டி இதையே ஆயிரக்கணக்கில் செய்யும். உப்பிலியப்பன் கோவில் கல்யாணம் ஒன்றின் ஆயிரக்கணக்கான ரா படங்கள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்து தம்ப்நெயில் வரவிட்டு, பின்னால் ஒரு காப்பியும் ஓடவிட்டால் நல்ல டிஸ்க்கும் மூச்சு வாங்கும். அது கோளாறு இல்லை.

எந்த புரோகிராம் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பக்கம் காட்டிவிடும், ஃபைல் பெயரோடு. எனக்கு அதில் மூன்று பேர் மாட்டினார்கள். தேடுவதற்காக ஃபைல்களைப் பட்டியல் போடும் சர்ச் இண்டெக்சிங் டி டிரைவின் படங்களை எல்லாம் துழாவிக்கொண்டிருந்தது. அந்த டிரைவை அதிலிருந்து எடுத்துவிட்டேன். ஆன்டிவைரஸின் முழு ஸ்கேன் பகல் வேளையில் ஓடியது. அதை இரவுக்கு மாற்றினேன். மூன்றாவது, பேஜ் ஃபைல், ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துகிற ஃபைல். அசெம்பிள் செய்து கொடுத்தவர் எஸ்எஸ்டியில் இடம் மிச்சமாகட்டும் என்று அதை டி டிரைவில் வைத்திருந்தார். ராம் நிரம்பும்போதெல்லாம் விண்டோஸே மெதுவான டிஸ்க்கில் போய்க் காத்திருக்கும் ஏற்பாடு அது. சி டிரைவுக்கு மாற்றிய அன்றே பெரிய வித்தியாசம் தெரிந்தது. போட்டோஷாப் தற்காலிக ஃபைல்களை எழுதும் ஸ்க்ராட்ச் டிஸ்க்கையும் கையோடு பாருங்கள், அதுவும் எஸ்எஸ்டியில் இருப்பதுதான் நல்லது.

இவ்வளவுக்கும் பிறகும் எனக்கு அந்த உறைதல் முழுதாகப் போகவில்லை. அரை நிமிடம் எல்லாம் நிற்கும், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். பார்க்க வந்த சர்வீஸ் தம்பி, "அண்ணே, டிஸ்க் போயிடுச்சு, புதுசு மாத்திடுங்க" என்றார். நான் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் இலவச மென்பொருள். அதில் 05, சி5, சி7 என்ற மூன்று வரிகளைப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். 05 என்பது கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னக் கட்டங்கள்). சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. சி7 டிஸ்க்கின் உள்ளே நடப்பதைச் சொல்வதில்லை. மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே தகவல் சிதைந்து மறுபடியும் அனுப்பப்பட்ட எண்ணிக்கை அது. எனக்கு முதல் இரண்டும் பூஜ்யம். சி7 மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. விண்டோஸ் நடந்ததைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரிலும் சாட்சி இருந்தது: உறைந்த அதே நேரங்களில் 129 என்ற எண்ணோடு, டிஸ்க் ரீசெட் செய்யப்பட்டதாக எச்சரிக்கை.

கேபினட்டைக் கழற்றினால், பக்கவாட்டு மூடி, டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை அழுத்தி, பிளக்கை ஒட்டியே மடக்கி வைத்திருந்தது. கிளிப் இல்லாத கேபிள். விரலால் தொட்டாலே டிஸ்க் பக்க முனை ஆடியது. கிளிப் வைத்த புதுக் கேபிள் வாங்கி, போர்டில் வேறு போர்ட்டில் மாட்டினேன். செலவு நூற்றைம்பது ரூபாய்க்குள். சி7 எண் கேபிளை மாற்றினாலும் குறையாது, அது ஆயுள் கணக்கு. ஏறாமல் நின்றதா என்பதுதான் கேள்வி. நின்றது. அரை நிமிட உறைதலும் அத்தோடு போனது. புது டிஸ்க் வாங்கும் முன் இந்தக் கேபிளைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சி5 ஏறியிருந்தால் கதை வேறு. படிக்க முடியாத ஓர் இடத்தில் டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்ப முயலும், அதுவரை எல்லாம் நிற்கும். அந்த நிலையில் சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக், பிழை தேடித் திருத்தும் செக் டிஸ்க் எதையும் ஓட்டாதீர்கள். முதலில் படங்களை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். என் டிஸ்க்கில் 2016 பிப்ரவரி 22 மகாமகத் தீர்த்தவாரிப் படங்கள் இருக்கின்றன. மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அந்தப் படங்களைத் திரும்ப எடுக்க முடியுமா?

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் சி5 ஏறலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு, கடைமடைப் பக்கத்து நண்பர்கள் ஜெனரேட்டரை நம்பி வேலை பார்த்தார்கள். யுபிஎஸ் இல்லாமல் அப்படி ஓட்டுவது டிஸ்க்குக்கு ஆகாது. இத்தகைய செக்டர்கள் மேலே புதிதாக எழுதப்பட்டதும் சரியாகிவிடுவது உண்டு. 05 ஏறாமல் சி5 பூஜ்யத்துக்குத் திரும்பினால் டிஸ்க் இன்னும் நம்பத்தக்கதுதான். கவனத்தை மட்டும் விடக் கூடாது.

பிறகு பேக்கப்புக்கு இன்னொரு டிஸ்க் வாங்கியபோது வேறொரு பாடு. காப்பி விநாடிக்கு 150 எம்பியில் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் 20க்கு விழுந்தது. டிஸ்க்கில் பழுதில்லை. அது எஸ்எம்ஆர் வகை: ஓடு வேய்வதுபோல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும், ஒன்றைத் திருத்த அடுத்தடுத்ததையும் திரும்ப எழுத வேண்டும். எழுதி மூடி வைக்க அது போதும். தினமும் வேலை பார்க்கிற டி டிரைவுக்கு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகைதான் வேண்டும். பெட்டியின் மேல் இது இருக்காது, மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்க்க வேண்டும். சில மாடல்களில் எஸ்எம்ஆர் என்று சொல்லாமலே விற்றது 2020இல் வெளியே வந்த பிறகுதான் அந்த விவரம் ஒழுங்காகக் கிடைக்கிறது.

இப்போது என் வழக்கம்: கையில் இருக்கும் கல்யாணத்தின் படங்கள் எஸ்எஸ்டியில். ஆல்பம் பிரிண்டுக்குப் போனதும் டி டிரைவுக்கு. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் அப்போது பழையதை எல்லாம் எஸ்எம்ஆர் டிஸ்க்குக்கு இரவில் ஓடவிடுவேன். மதியம் சாப்பிட்டு வந்து டி டிரைவைத் தொட்டால் டிஸ்க் சுற்றத் தொடங்கும்வரை சில விநாடி நிற்பது மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. பவர் ஆப்ஷனில் டிஸ்க்கை அணைக்கும் நேரத்தை 'நெவர்' என்று வைத்ததும் அதுவும் தீர்ந்தது.