கார் நிற்கும் தரைக்கு எது சரி: டைல்ஸ், கல், பேவர் பிளாக், எபாக்ஸி, சிமெண்ட்

வீடு கட்டும்போது ஹாலுக்கு டைல்ஸ் எடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிறோம். போர்டிகோவுக்கு வரும்போது கையில் பணமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. "பார்க்கிங் டைல்ஸ்தானே, நல்லதா பார்த்துப் போட்டுடுங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுவோம். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. இரண்டாவது வருடம் பஞ்சரான டயரை மாற்ற ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினேன். 'டக்'கென்று ஒரு சத்தம், டைல் மூன்றாகப் பிளந்தது. உடைந்த துண்டைப் பெயர்த்துப் பார்த்தால் நான்கு மூலையில் நான்கு உருண்டை கலவை, நடுவில் ஓர் உருண்டை. மீதி இடமெல்லாம் வெற்றுப் பள்ளம், விரலே உள்ளே போனது. அன்றிலிருந்து சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் முதலில் போர்டிகோ தரையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இந்தத் தரை படும் பாடு மற்ற அறைகளுக்குக் கிடையாது. சின்ன கார் என்றாலே ஒரு டன் பக்கம் வரும். அதாவது சக்கரத்துக்குக் கால் டன், அதுவும் உள்ளங்கையளவு இடத்தில். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை ஒடித்தால் டயர் தரையை அரைக்கிறது. பைக்கின் சைடு ஸ்டாண்டு இன்னும் மோசம், அத்தனை பாரத்தையும் ஒரு சின்ன நுனியில் இறக்கும். அப்புறம் ஆயில் சொட்டும், வெயில் அடிக்கும், மழைச் சாரல் விழும். நம் ஊரில் அது கார் நிறுத்த மட்டுமான இடமும் இல்லை. காலையில் கோலம், சாயங்காலம் பிள்ளைகள் விளையாட்டு, விசேஷம் வந்தால் காரை வெளியே எடுத்துவிட்டு அங்கேயே பந்தி. வெறுங்காலோடு நடக்கிற இடம் என்பதையும் நினைவில் வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

பார்க்கிங் டைல்ஸ் என்ற பெயரில் கடையில் இரண்டு வெவ்வேறு பொருள் விற்கிறார்கள். ஒன்று சிமெண்டை அச்சில் வார்த்துச் சாயம் கலந்தது. புதிதில் பளிச்சென்று இருக்கும், சில வருட வெயிலில் நிறம் வெளுக்கும், சக்கரம் ஏறும் தடத்தில் மேல்பூச்சு தேயும். இன்னொன்று சூளையில் சுட்ட விட்ரிஃபைடு டைல், பெரும்பாலும் குஜராத் மோர்பியிலிருந்து வருவது. கார் நிற்கும் தரைக்கு இது எவ்வளவோ மேல். வாங்கும்போது டைலின் ஓரத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக இருந்தால் கீறல் விழுந்தாலும் வெளியே தெரியாது. பின்புறத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் அது சாதாரண செராமிக், வேண்டாம். விட்ரிஃபைடு டைல் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. 12 மில்லிமீட்டருக்குக் குறையாத கனத்தில் எடுங்கள். ஹாலுக்கு வாங்கியதில் மிச்சமான பளபளப்பு டைலை மட்டும் இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். ஈரக் காலோடு வரும் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள்.

ஆழமான பள்ளங்களோடு வரும் டிசைன்களும் எனக்குப் பிடிப்பதில்லை. வழுக்காது, உண்மைதான். ஆனால் மண்ணும் கோலமாவும் அந்தப் பள்ளத்தில் தங்கிவிடும், துடைப்பத்துக்கு வராது, கோலத்துக்கு ஒரு கோடு நேராக இழுக்க முடியாது. லேசான சொரசொரப்பு போதும். வெள்ளை, க்ரீம் நிறமும் தவிர்க்கலாம். டயரின் கருப்புத் தடம் வெளிர் நிறத்தில் பட்டால் எளிதில் போகாது.

கல்லுக்கு வருவோம். கையில் பணம் இருந்தால் என் ஓட்டு கிரானைட்டுக்குத்தான். ஆனால் பாலிஷ் போட்டது வேண்டாம், ஃப்ளேம்டு ஃபினிஷ். கல்லின் மேல் தீயைப் பாய்ச்சும்போது அதிலுள்ள படிகங்கள் வெடித்து மேல்பரப்பு இயற்கையாகவே சொரசொரப்பாகிவிடும். எண்ணெய் கொஞ்சம் இறங்கும், அதற்குக் கறை இறங்காமல் தடுக்கும் சீலர் பூச்சு ஒன்று அடித்தால் போதும். வெயிலில் நிறம் மாறாது, டயர் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது. 20 மில்லிமீட்டருக்குக் குறைந்த பலகையில் இந்த வேலை செய்யச் சொல்லாதீர்கள், தீ பட்டால் கல் பலமிழக்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக்காரர்களுக்கு வண்டிச் செலவும் குறையும்.

கடப்பாவும் கோட்டாவும் விலையில் கிரானைட்டுக்குக் கீழே. இரண்டுமே சுண்ணாம்புக்கல் வகை. நிழலில் குளுமையாக, பார்க்கவும் அழகாக இருக்கும். வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் இடத்தில் கடப்பா வெளுக்கும், கோட்டா ஏடு ஏடாக உரியும். இன்னொரு ஆபத்து ஆசிட். வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையைப் போக்க ஆட்கள் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். சுண்ணாம்புக்கல்லை ஆசிட் அரித்துவிடும், போன பளபளப்பு திரும்பாது. முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பேவர் பிளாக் என்பது மண்ணில் அடுக்கிப் பதிக்கும் கான்கிரீட் கட்டை. இதன் பெரிய வசதி, வேண்டும்போது பெயர்த்து மறுபடி பதிக்கலாம். தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய் எல்லாம் அடியில் ஓடும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. கார் போகும் இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனம் வேண்டும், எம்-35 தரம் (கான்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும் அளவு) என்று கேட்டு வாங்குங்கள். 50 மில்லிமீட்டர் நடைபாதைக்கு மட்டும். ஓரத்தில் கான்கிரீட் கட்டு இல்லாவிட்டால், காரைத் திருப்பத் திருப்ப வரிசை விலகி இடைவெளி விழும். இடுக்கில் எறும்பு மண்ணைத் தள்ளும், புல் முளைக்கும், மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். கூரை இல்லாத இடத்துக்கு, கேட்டிலிருந்து போர்டிகோ வரையான பாதைக்கு, இதைவிடப் பொருத்தமானது இல்லை. கூரைக்குக் கீழே நான் போடமாட்டேன்.

கான்கிரீட் தரையின் மேல் பூசும் பிசின் பூச்சான எபாக்ஸிதான் இப்போது படங்களில் எல்லோரையும் மயக்குகிறது. கண்ணாடி மாதிரி ஒரே பரப்பு, ஆயில் சொட்டினால் துணியால் துடைத்தால் போச்சு. நான்கு பக்கமும் சுவரும் ஷட்டரும் உள்ள மூடிய கார் ஷெட்டுக்கு அது அருமையான தரை. திறந்த போர்டிகோவில் வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகும். அதைவிடப் பெரிய எதிரி கீழிருந்து ஏறும் ஈரம். தரைக்கடியில் ஈரம் இருந்தால் பூச்சு கொப்புளம் கட்டி உரிந்து வரும். போடும் முன் ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ எபாக்ஸியை மறந்துவிடுங்கள். புதுக் கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் பொறுக்க வேண்டும்.

கைச்செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு வெறும் சிமெண்ட் தரையே போதும், அதில் குறைச்சல் எதுவும் இல்லை. நான்கு இஞ்ச் கான்கிரீட், பத்தடிக்கு ஒரு இடைவெளி, மேலே துடைப்பத்தால் இழுத்த கோடு, ஒரு வாரம் விடாமல் தண்ணீர் காட்டுதல். பளபளப்பு வர வேண்டும் என்று ஈரத்தின் மேல் காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்க்க விடாதீர்கள், அந்த மேல்தோல்தான் பிற்பாடு பொருக்காக உதிரும். ஆயில் கறை பிடிக்கும், மரத்தூள் போட்டு அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் அடித்தளம் சரியில்லாமல் நிற்காது. பேஸ்மெண்டுக்குக் கொட்டிய மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இடிக்க வேண்டும், ஒரே நாளில் கொட்டி மூடக் கூடாது. சென்னையில் பல வீடுகளில் சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி போர்டிகோவுக்கு அடியில்தான் இருக்கிறது. சம்ப் மேல் உள்ள பாகம் அசையாது, பக்கத்து மண் இறங்கும். அதனால் சம்ப் சுவரின் கோட்டிலேயே டைல் விரிசல் விடும். அந்தக் கோட்டில் ஒரு இடைவெளி விட்டுப் பதிக்கச் சொல்லுங்கள். வாட்டம் கேட்டைப் பார்த்து இருக்கட்டும், எட்டடிக்கு ஒரு இஞ்ச் என்றால் போதும்.

என் தம்பி வீட்டில் போர்டிகோவுக்குச் சாம்பல் நிற விட்ரிஃபைடு, கேட் பாதைக்குப் பேவர் என்று முடிவு செய்தோம். கிரானைட்டுக்கு அவனிடம் பட்ஜெட் இல்லை. கணக்கு முடிக்கும் அன்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பார்த்தோம். பிறகு நானும் அவனும் குத்துக்காலிட்டு ஒவ்வொரு டைலையும் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினோம். 'டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்டவற்றில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டோம். மொத்தம் 11 வட்டம். மேஸ்திரி முதலில் முகம் சுளித்தார். ஒன்றைப் பெயர்த்துக் காட்டியதும் எதுவும் பேசாமல் 11-ஐயும் எடுத்து, அடி முழுக்கக் கலவை பரப்பி மறுபடி பதித்துக் கொடுத்தார்.