குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை: 3 நட்சத்திரம்

எனக்கு ஹெபடைடிஸ் பி உண்டு; கல்லீரலைத் தாக்கும் வைரஸ், பிரசவத்தில் பிள்ளைக்கும் தொற்றலாம். மகள் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (ரெடிமேட் ஆன்டிபாடி ஊசி) போட்டாச்சு. ஊசி பிடித்ததா என்று பார்க்கப் பத்தாம் மாதம் எங்க ஏரியா லேபுக்குத் தூக்கிட்டுப் போனேன். ரத்தம் எடுத்த அக்கா கெட்டிக்காரி; ஒரே குத்து, பாப்பா வீறிடுவதற்குள் பஞ்சை வைத்துவிட்டார். கவுன்டர்காரர்தான், "சர்ஃபேஸ் ஆன்டிஜென் நெகட்டிவ்னா போதும்மா" என்று, அதாவது ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் இல்லையென்றால் போதுமென்று, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அளக்கும் ஆன்டிபாடி டெஸ்டைச் சீட்டிலிருந்து நீக்கப் பார்த்தார். எப்படிப் போதும் சார்? ஆன்டிபாடி ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருந்தால்தானே ஊசி பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியும்! ஊசி போட்ட சில பிள்ளைகளுக்கு ஆன்டிஜென் நெகட்டிவாகவே இருக்கும், உள்ளே வைரஸ் ஒளிந்திருக்கும். வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் டிஎன்ஏ டெஸ்டில்தான் மாட்டும், அதிலும் எப்போதும் இல்லை. அந்த டெஸ்ட் இங்கே கிடையாது, வெளியே அனுப்புவார்களாம். நாலு நாளில் என்ற ரிப்போர்ட் ஒன்பதாம் நாள் வந்தது. ஆன்டிபாடி 240. மூன்றில் ஒரு நட்சத்திரம் ரத்தம் எடுத்த அக்காவுக்கு மட்டும்.