முழங்கால் ஜெயன்ட் செல் கட்டி: சுரண்டி எடுப்பதா, வெட்டி எடுப்பதா?

20 முதல் 40 வயதுக்காரர்களுக்கு அதிகம் வரும் இந்த எலும்புக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, ஆனால் எலும்பை அரித்துவிடும். சுரண்டும் முறையில் எலும்பில் ஜன்னல் மாதிரி திறந்து, கட்டியை வழித்தெடுத்து, உட்சுவரை பர் எனும் அதிவேகமாகச் சுழலும் கருவியால் தேய்த்து, குழியில் எலும்பு சிமென்ட்டை நிரப்புவார்கள். அது இறுகும்போது வரும் சூடு மிச்சமுள்ள செல்களைக் கொல்ல உதவும், காலுக்கும் உடனே தாங்கல் கிடைக்கும். சொந்த மூட்டு தப்பும். ஆனால் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு இதில்தான் அதிகம்.

கட்டி இருக்கும் எலும்புப் பகுதியையே வெட்டி எடுத்தால் அந்த பயம் வெகுவாகக் குறையும், சரி, ஆனால் மூட்டே போய்விடும். அதற்குப் பதிலாக வைக்கும் செயற்கை மூட்டு தளரலாம், கிருமி தொற்றலாம், இளவயதுக்காரருக்குப் பின்னாளில் மறுபடி மாற்ற வேண்டி வரலாம். அதனால் மூட்டைக் காப்பாற்ற வழியிருந்தால் சுரண்டி எடுப்பதே மேல் என்பேன். மூட்டு சிதைந்திருந்தால்தான் வெட்டுவது. எதைச் செய்தாலும் அப்புறம் நெஞ்சு எக்ஸ்ரேயைத் தவறவிடாதீர்கள், அபூர்வமாக நுரையீரலுக்கும் பரவும்.