நாட்டையின் ரிஷபம்: எண்ணாகவா, எழுத்தாகவா, ஸ்வரமாகவா?

கிருஷ்ணகிரியில் பிள்ளைகளுக்கு வயலினும் கீபோர்டும் சொல்லிக் கொடுக்கிறேன். கிரேடு தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் என்பதால், கர்நாடகப் பாடல்களை ஸ்டாஃப் நொட்டேஷனிலும் அச்சிட்டுத் தருவேன். ஒவ்வொரு பாட்டையும் மவுஸால் ஏற்றிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் ஸ்வரங்களை ஒரு கோப்பில் எழுதி வைத்து, சின்ன ஸ்கிரிப்ட் வழியாக மென்பொருளுக்குள் அனுப்பி வந்தேன்.

போன தைப்பூசத்துக்குத் தர்மபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டு வயலின், ஒரு கீபோர்டு, அங்கே பேண்டு செட்டில் வாசிக்கும் ஒரு கிளாரினெட் அண்ணன். தொடக்கம் நாட்டை ராகம். ஒத்திகையில் தாளைப் பார்த்ததும் அண்ணன் கேட்டார்: "ரிஷபம் எங்க சார்? காந்தாரந்தான் ரெண்டு இருக்கு."

அவர் கேட்டது சரிதான். நான் ஸ்வரங்களை மிடி எண்ணாக, அதாவது கணினி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தரும் எண்ணாகச் சேமித்திருந்தேன். ஒரு கட்டை ஸ்ருதியில் சிதான் ச; அந்த ச 60 என்றால் ரி3 (மூன்றாம் வகை ரிஷபம்) என்பது 63, க3 என்பது 64. மென்பொருளுக்கு 63 கிடைத்தது; அதை இ ஃபிளாட் (அரைத் தொனி இறக்கிய இ) என்று எழுதிவிட்டது. அடுத்து வந்த 64 இ நேச்சுரல். ரிஷபமும் காந்தாரமும் ஒரே கோட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ள, ரிஷபம் இருக்க வேண்டிய டியின் இடம் காலியாகக் கிடந்தது. கணினியில் ஒலிக்கவிட்டால் பிழையே தெரியாது. தாளைப் பார்த்து வாசிக்கிற பிள்ளைக்குத்தான் கை தடுமாறும்.

அதற்கப்புறம் ஸ்வரத்தைச் சேமிக்க என்னென்ன வழி உண்டு என்று உட்கார்ந்து பார்த்தேன். நான்கு வழிகளை எங்கள் பாட்டுகளிலேயே சோதித்தேன்.

முதலில் எண். 1983இல் மிடி வந்ததிலிருந்து கீபோர்டுகளுக்கும் கணினிக்கும் பொது மொழி இதுதான். 0 முதல் 127 வரை, நடு சி 60, அதற்கு மேலுள்ள ஏ 69; அந்த ஏயின் அதிர்வெண் 440 ஹெர்ட்ஸ். 12 கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும். ஒரு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்குப் போக எல்லாவற்றிலும் 7 கூட்டினால் போதும். தாள் எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரின் பிளகின்களிலும் (நாமே எழுதிச் சேர்க்கும் சின்ன நிரல்கள்) கர்சரிடம் 'இந்த ஸ்வரத்தைப் போடு' என்று சொல்ல எண்தான் கொடுக்கிறோம். அந்தச் சுலபத்தில்தான் நானும் விழுந்தேன். நம் இசையில் ஸ்தானம் 12, பெயர் 16. ரி2 இருக்கும் இடத்தில்தான் க1. ரி3 இடத்தில் க2. த2 இடத்தில் நி1. த3 இடத்தில் நி2. எண்ணாக மாற்றிய அந்த நொடியே இந்த நான்கு ஜோடிகளிலும் எது எது என்ற அடையாளம் போய்விடுகிறது. ஒலிக்க வைப்பதற்கு எண் நல்லது. சேமிப்பதற்கு ஆகாது.

இரண்டாவது எழுத்து முறை: எந்த எழுத்து, அது எவ்வளவு ஏறியோ இறங்கியோ இருக்கிறது, எந்த ஸ்தாயி என்று மூன்று துண்டாக வைப்பது. தட்டச்சு செய்த கட்டளைகளிலிருந்து தாள் அச்சிடும் லில்லிபாண்ட் மென்பொருளும், மென்பொருள்களுக்கு இடையே தாளைக் கொண்டுபோகும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பு வடிவமும் இப்படித்தான் வைக்கின்றன. ஏழு ஸ்வரத்துக்கு ஏழு எழுத்து என்பதால் நமக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது. மேளகர்த்தா என்னும் தாய் ராகம் ஒவ்வொன்றிலும் ஏழு ஸ்வரமும் ஒரு முறை வருவதுபோல ஏழு எழுத்தும் ஒரு முறை வரும். முதல் மேளமான கனகாங்கியை எண்ணாக வைத்தால் 60, 61, 62, 65, 67, 68, 69. இந்த 62ஐ டி என்று படிப்பவருக்கு ரிஷபம் இரண்டு, காந்தாரமே இல்லை. எழுத்தாக வைத்தால் சி, டி ஃபிளாட், இ டபுள் ஃபிளாட், எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி டபுள் ஃபிளாட். பார்வைக்குக் கொஞ்சம் முரடுதான். ஆனால் எது காந்தாரம் என்ற சந்தேகம் வராது.

இந்த இரண்டு வடிவங்களுக்கும் இடையே போய் வரும்போது அளவுகோலில் கவனம் வேண்டும். லில்லிபாண்டின் ஸ்கீம் மொழியில் நடு சி இருக்கும் ஸ்தாயி 0. மாற்றத்தை முழுத் தொனியின் பின்னமாக எழுதுவதால் ஷார்ப் (அரைத் தொனி ஏற்றம்) என்றால் ½. மியூசிக்எக்ஸ்எம்எல்லில் அதே ஸ்தாயி 4, ஷார்ப் என்றால் 1. ஒன்றின் 1ஐ அப்படியே மற்றதில் போட்டேன். பக்கம் முழுக்க டபுள் ஷார்ப் வந்து நின்றது. லில்லிபாண்டில் இன்னொன்றும் உண்டு. ஒரு சங்கதியை மாறியில் சேமித்து, அதையே ஒரு ஃபங்ஷன் வழியாக மாற்றிப் பயன்படுத்தினால், மூலமும் சேர்ந்து மாறிவிடக்கூடும். முழு நகல் எடுத்து அந்த நகலில் கை வைப்பதுதான் பத்திரம்.

மூன்றாவது முறைதான் என்னை அதிகம் கவர்ந்தது. மியூஸ்ஸ்கோர் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மிடி எண்ணோடு டிபிசி (டோனல் பிட்ச் கிளாஸ்) என்ற இன்னொரு எண்ணையும் வைத்திருக்கிறது. அது ச–ப இடைவெளியிலேயே படிப்படியாக ஏறும் வரிசை. எஃப் 13, சி 14, ஜி 15, டி 16, ஏ 17, இ 18, பி 19. மேலே போனால் எஃப் ஷார்ப் 20, சி ஷார்ப் 21. கீழே வந்தால் பி ஃபிளாட் 12, இ ஃபிளாட் 11. ஒரு கோடியில் எஃப் டபுள் ஃபிளாட் -1, மறு கோடியில் பி டபுள் ஷார்ப் 33. மொத்தம் 35 பெயருக்கும் தனித்தனி எண். டி ஷார்ப் 23, இ ஃபிளாட் 11 என்று எட்ட நிற்பதால் குழப்பமே வராது. கட்டை மாற்றவும் ஒரே கூட்டல்தான். ஐந்து கட்டைக்கு 1 கூட்டினால் போதும். பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழுத் தொனி கீழே ஒலிக்கும்; அதனால் அதற்கு ஒரு முழுத் தொனி ஏற்றி எழுத வேண்டும், அதற்கு 2. கச்சேரி ஸ்ருதிக்கு ஒன்று, வாத்தியத் தாளுக்கு ஒன்று என்று மியூஸ்ஸ்கோரே இரண்டு டிபிசி வைத்திருக்கிறது. ஆனால் டிபிசியில் ஸ்தாயி இல்லை, மிடி எண்ணும் கூட இருக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

இங்கே ஒரு இடத்தில் சறுக்கும். அண்ணனின் தாளில் நாட்டையின் த3 பி ஷார்ப் என்று வருகிறது, எண் 72. பன்னிரண்டால் வகுத்து, வரும் ஈவில் ஒன்றைக் கழித்து ஸ்தாயி கண்டுபிடித்தால் (நடு சி 60க்கு 4 வருவது அப்படித்தான்) 5 என்று வரும். ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போய் நின்றுவிடும். முதலில் ஷார்ப்புக்கு உரிய 1ஐக் கழித்து 71 ஆக்கி, அப்புறம் அதே கணக்கைப் போட்டால்தான் சரியான 4 கிடைக்கும்.

நான்காவது, ரி3 என்று நம் பெயரிலேயே எழுதி, ச எங்கே என்பதைத் தனியாக வைப்பது. ரொம்பப் பழைய வழிதான். நம் ஸ்வரதாளப் புத்தகங்களும் ஸ்வரத்தைப் பெயரால்தான் எழுதுகின்றன. மேலே சொன்ன மென்பொருள்கள் இதை நேரடியாக வாங்கிக்கொள்வதில்லை. ஆனால் மூன்றாவது முறையோடு இதை இணைத்தால் வேலை அழகாக முடிகிறது. ச 0 என்று வைத்தால் ப 1, ரி2 2, த2 3, க3 4, நி3 5, ம2 6, ரி3 9, த3 10. எதிர்த்திசையில் ம1 -1, நி2 -2, க2 -3, த1 -4, ரி1 -5, நி1 -9, க1 -10. பதினாறு பெயருக்கும் பதினாறு எண், ஒன்றுகூட மோதவில்லை. இதோடு சவின் டிபிசியைக் கூட்டினால் எழுத்து வந்துவிடும். ச டி ஃபிளாட்டிலிருந்து டி ஷார்ப் வரை வரிசையில் எங்கே இருந்தாலும், பதினாறும் அந்த 35க்குள் அடங்கிவிடுகின்றன.

என் கோப்புகளை எல்லாம் இந்த முறைக்கு மாற்றிவிட்டேன். அதற்கு முக்கியக் காரணம் ஐந்தரைக் கட்டை. அங்கே சவை ஜி ஷார்ப் என்றும் எழுதலாம், ஏ ஃபிளாட் என்றும் எழுதலாம்; எண் ஒன்றே, 68. நாட்டையின் தாய் ராகமான சலநாட்டையை ஜி ஷார்ப்பில் எழுதினால் ரி3 ஏ டபுள் ஷார்ப், த3 இ டபுள் ஷார்ப், நி3 எஃப் டபுள் ஷார்ப். எந்தப் பிள்ளையிடம் இதைக் கொடுப்பது? ஏ ஃபிளாட்டில் எழுதினால் ஏ ஃபிளாட், பி, சி, டி ஃபிளாட், இ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஜி. டபுள் எதுவும் இல்லை. அப்படியானால் ஐந்தரைக்கு ஏ ஃபிளாட் என்று முடிவு செய்துவிடலாம்தானே? கனகாங்கி அதைக் கவிழ்த்துவிடுகிறது. ஏ ஃபிளாட்டில் அதற்கு மூன்று டபுள் ஃபிளாட் தேவை. ஜி ஷார்ப்பில் ஜி ஷார்ப், ஏ, பி ஃபிளாட், சி ஷார்ப், டி ஷார்ப், இ, எஃப் என்று வழவழவென்று வருகிறது. ஒரே கட்டை, ஆனால் எழுத்தை ராகம்தான் முடிவு செய்கிறது. ஸ்வரப் பெயர் கோப்பில் இருந்தால், ஸ்கிரிப்ட் இரண்டையும் எழுதிப் பார்த்து டபுள் குறைவானதை எடுத்துக்கொள்ளும். வெறும் 68 மட்டும் இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை நான் இதில் சேர்க்கவில்லை. லில்லிபாண்ட் பின்னங்களை ஏற்கும், மியூசிக்எக்ஸ்எம்எல் தசமத்தை ஏற்கும், மியூஸ்ஸ்கோரில் சென்ட் (அரைத் தொனியில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் ஸ்ருதியை நகர்த்தலாம். ஆனாலும் அசைவு என்பது ஒரு புள்ளி இல்லை. ஸ்வரத்தின் மேல் ஒரு குறி போட்டுவிட்டு, மீதியை எதிரே உட்கார்ந்து பாடிக் காட்டுகிறேன்.

உங்களிடம் ஏற்கெனவே எண்ணாகச் சேமித்த பாட்டுகள் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். ராகம் தெரிந்தால் மீட்டுவிடலாம். ஒரு மேளத்துக்குள் ஒரு ஸ்தானத்துக்கு ஒரு பெயர்தான் உண்டு. சலநாட்டை என்று சொல்லிவிட்டால் 63க்கு ரி3 தவிர வேறு அர்த்தம் இல்லை. சவின் எண்ணையும் மேளத்தையும் ஸ்கிரிப்ட்டிடம் கொடுங்கள், அது மாற்றிக்கொள்ளும். அன்னிய ஸ்வரம் வரும் ராகங்களில் மட்டும் மேளத்தில் இல்லாத எண்களைத் தனியே காட்டச் சொல்லி, கையால் பெயர் போட வேண்டும். எனக்கு பிலஹரி கோப்புகளில் அந்த வேலை இன்னும் மீதி இருக்கிறது. அதில் எட்டிப் பார்க்கும் நி2வை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.