.357-ஆ, .44-ஆ? வேட்டைக்கும் காட்டுவழிக்கும் எந்த ரிவால்வர்

ரிவால்வர் வாங்க நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது காலிபரை, அதாவது குண்டின் விட்ட அளவைப் பற்றித்தான். நான் முதலில் கேட்பது வேறு: அந்தத் துப்பாக்கி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உங்கள் உடம்போடு இருக்கப்போகிறது? மானை எதிர்பார்த்து விடியற்காலையிலிருந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றரை கிலோ எடை பொருட்டே அல்ல. முதுகில் மூட்டையோடு நாள் முழுக்க மலையேறுகிறவர், கரடியோ காட்டுப்பன்றியோ பாய்ந்து வந்தால் மட்டும் எடுக்கலாம் என்று நினைக்கிறார். அவருக்கு அதே ஒன்றரை கிலோ மூன்றாம் நாளில் மூட்டைக்குள் போய்விடும். அப்படிப் போன பிறகு அது எந்தக் காலிபராக இருந்தால் என்ன? இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்க்காமல் காலிபரைப் பேசுவதால்தான் இத்தனை குழப்பம்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். கைத்துப்பாக்கியால் வேட்டையாடுவது பல நாடுகளில் குற்றம். அனுமதி உள்ள இடங்களிலும் காலிபர், குழல் நீளம், குண்டின் ஆற்றல் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச வரையறைகள் இருப்பதுண்டு. போகும் இடத்தின் விதியைப் பார்த்துவிட்டுத்தான் கீழே உள்ள எதையும் யோசிக்க வேண்டும்.

உண்மையான போட்டி .357 மேக்னத்துக்கும் .44 மேக்னத்துக்கும்தான். (மேக்னம் என்றால் வழக்கத்தைவிட வலிய தோட்டா.) .357 வந்தது 1935இல். .38 ஸ்பெஷல் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எட்டில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீட்டினார்கள். பழைய .38 ரிவால்வரின் சிலிண்டருக்குள் (தோட்டாக்கள் அமரும் சுழல் உருளை) இந்த வலிய தோட்டா தவறியும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. .44 மேக்னம் 1956இல் கடைக்கு வந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த எல்மர் கீத் என்ற வேட்டைக்காரர் .44 ஸ்பெஷல் தோட்டாவில் கூடுதல் வெடிமருந்து இட்டுப் பல ஆண்டுகள் சுட்டுப் பார்த்து, இப்படி ஒன்றைச் செய்து தாருங்கள் என்று நிறுவனங்களை விடாமல் வற்புறுத்தினார். இரண்டிலும் ஒரே வசதி உண்டு: .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலையும், .44 மேக்னம் ரிவால்வரில் .44 ஸ்பெஷலையும் சுடலாம். பயிற்சிக்கு மென்மையான தோட்டா, காட்டுக்கு வலியது. வாங்கும்போது பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய காரணம்.

எண்களைப் பார்ப்போம். வழக்கமான .357 தோட்டாவில் 10.2 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 375 மீட்டர் வேகத்தில் போகும். .44இல் 15.6 கிராம் குண்டு சுமார் 360 மீட்டர். வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். எடைதான் ஒன்றரை மடங்கு. ஆற்றலில் இது 720 ஜூலுக்கும் 1,000 ஜூலுக்கும் உள்ள வித்தியாசம். குண்டின் விட்டம் 9 மில்லிமீட்டருக்கும் 11 மில்லிமீட்டருக்கும் இடையில் என்றால் சின்னதாகத் தெரியும். முகப்பின் பரப்பளவாகக் கணக்கிட்டால் .44 நாற்பது சதவீதத்துக்கும் மேல் பெரியது. விலங்கின் உடலுக்குள் வேலை செய்வது இந்தப் பரப்பளவும் எடையும்தான். அதே ஒன்றரை மடங்கு உங்கள் உள்ளங்கைக்கும் திரும்பி வரும்.

மான் வேட்டைக்கு இரண்டுமே போதும், ஆனால் ஒரே தூரத்துக்கு அல்ல. .357ஐ நான் நாற்பது, ஐம்பது மீட்டருக்குள் நிறுத்திக்கொள்வேன். அதுவும் 10 முதல் 12 கிராம் வரையுள்ள கனமான குண்டோடு. 8 கிராம் எடையுள்ள, நுனியில் குழியுள்ள பொந்துமுனைக் குண்டு தற்காப்புக்காக உருவானது, பட்டதும் சீக்கிரம் விரிந்து மலர்ந்துவிடும். தோள் எலும்பில் பட்டால் நுரையீரல் வரை போய்ச் சேராது, காயம்பட்ட மான் புதருக்குள் ஓடி மறையும். அந்த இரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்து இருட்டும்வரை அலைந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். .44க்கு அவ்வளவு கவலை வேண்டாம். சுடுகிறவர் கை உறுதியாக இருந்தால் எண்பது மீட்டரிலும் அது மானின் மறுபக்கம் துளைத்துப் போகும். வேட்டை என்று மட்டும் கேட்டால் என் ஓட்டு .44க்கு, தயக்கமே இல்லை. ஆறு முதல் ஏழரை அங்குலக் குழல், 1.4 கிலோவிலிருந்து 1.5 கிலோ எடை. ரூகர் நிறுவனத்தின் சூப்பர் ரெட்ஹாக் போன்ற பெரிய சட்டகம் இதற்கென்றே செய்தது. எடை உதைப்பைத் தின்றுவிடும். நீண்ட குழலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடும், குறி பிசகுவது குறையும்.

காட்டுவழித் துணை என்று வந்தால் என் மனம் மாறுகிறது. நான்கு அங்குலக் குழலோடு ரூகர் ஜிபி100, ஸ்மித் அண்ட் வெசன் 686 போன்ற .357 ரிவால்வர்கள் 1.1 கிலோவை ஒட்டி வரும். இந்த எடையில் .357ஐ அடுத்தடுத்துச் சுட முடியும். பன்றி, சிறுத்தை, கருங்கரடி வரை கடினமாக வார்த்த, தட்டையான முனையுள்ள ஈயக் குண்டு அதற்குப் போதும். பழுப்புக் கரடி திரியும் நிலம் என்றால் மட்டும் .44, அதிலும் 19 கிராம் வார்ப்புக் குண்டு. அங்கே குண்டு மலர வேண்டிய அவசியமில்லை. எலும்பை உடைத்துக்கொண்டு நேராக உள்ளே போக வேண்டும். (கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பானையும் கூடவே எடுத்துப் போங்கள். ஓடிவரும் கரடியை நடுங்கும் கையால் குறிபார்ப்பதைவிட அதன் முன்னே ஒரு மேகத்தை விரிப்பது சுலபம்.)

எடையைக் குறைத்து .44ஐயே வாங்கிவிடலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டகத்தில் 700 கிராமை ஒட்டிய .44 ரிவால்வர்கள் உண்டு. இடுப்பில் இருப்பதே தெரியாது. அப்படி ஒன்றை நண்பர் சுடும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். நான்கு முறை வெடித்தது. ஐந்தாவதற்கு விசை இழுபடவில்லை, சிலிண்டர் பாதி திரும்பிய நிலையில் பூட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தால், அடுத்த தோட்டாவின் குண்டு கூட்டை விட்டு நகர்ந்து சிலிண்டரின் முகப்புக்கு வெளியே நகத்தளவு நீட்டிக்கொண்டிருந்தது. துப்பாக்கி ஒவ்வொரு முறை பின்னால் பாயும்போதும் கூடு அதோடு போகிறது, குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டின் வாய் இறுக்கமாக மடிக்கப்படாவிட்டால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். கடைசியில் சட்டகத்தில் முட்டி நிற்கும். அதைச் சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளித்தான் சிலிண்டரைத் திறக்க முடிந்தது. கரடியின் முன்னால் சுத்தியலுக்கு எங்கே போவது? நண்பரின் கட்டைவிரல் அடியிலும் தோல் உரிந்திருந்தது. இலேசான .44 வைத்திருப்பவர்கள் ஐந்து தோட்டாவைச் சுட்டுவிட்டு ஆறாவதை எடுத்து அளந்து பார்க்க வேண்டும். அது நீண்டிருந்தால் அந்தத் தோட்டா வகை உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது.

மற்றப் போட்டியாளர்களில் நான் நேசிப்பது .45 கோல்ட். 1873ஆம் ஆண்டின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரோடு புகழ்பெற்ற தோட்டா. 16.5 கிராம் குண்டு, நொடிக்கு 260 மீட்டர் என்ற நிதானமான வேகம், அடித்துத் தள்ளாத உதைப்பு. பக்கத்திலிருந்து மானைச் சுட இன்றைக்கும் போதும். சிக்கல் எங்கே என்றால், வலுவான புதிய ரிவால்வர்களுக்கென்று கூடுதல் அழுத்தத் தோட்டாக்களும் இதே பெயரில் விற்கின்றன. பழைய துப்பாக்கியில் அதை இட்டால் சிலிண்டர் பிளக்கும். தோட்டாவைத் தானே தயாரித்து, பெட்டிக்குப் பெட்டி பெயர் எழுதி வைக்கிற பொறுமைசாலிகளுக்கு .45ஐத் தாராளமாகச் சொல்வேன். மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

1964இல் வந்த .41 மேக்னம் நல்ல தோட்டா. கடையில் கிடைப்பதுதான் அரிது. .454 கசூல், .500 ஸ்மித் அண்ட் வெசன் இரண்டும் வேறு உலகம். .454இன் அழுத்த வரம்பு .44 மேக்னத்தைவிட ஏறத்தாழ எண்பது சதவீதம் அதிகம். பெரிய விலங்குகளை வேட்டையாடும் அனுபவசாலிகளிடம் அவை இருக்கட்டும். இவற்றில் குறிப்பாக ஓர் எச்சரிக்கை: சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியிலிருந்து சூடான வாயு கத்திபோலப் பக்கவாட்டில் சீறும். தாங்கிப் பிடிக்கும் கையின் விரல் அங்கே இருந்தால் சதை கிழியும். ரைபிள் பழக்கத்தில் கையை முன்னே கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டும். முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் .22 போதும் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சிங்கிள் ஆக்‌ஷனா, டபுள் ஆக்‌ஷனா என்ற கேள்விக்கும் வேலையே பதில் சொல்லும். முதல் வகையில் ஒவ்வொரு வெடிக்கும் முன்பு அடியானையை, அதாவது ஊசியை அடிக்கும் சுத்தியை, கட்டைவிரலால் பின்னே இழுக்க வேண்டும்; இரண்டாவதில் விசையை இழுத்தாலே போதும். வேட்டைக்கு எது வேண்டுமானாலும் சரி. தற்காப்புக்கு டபுள் ஆக்‌ஷன் மட்டுமே. ஒரு கை காயப்பட்டால் மறு கையால் விசையை இழுத்தாலே சுட வேண்டும். பழைய வகை சிங்கிள் ஆக்‌ஷன் கைக்கு வந்தால், அடியானைக்குக் கீழே ஓர் அறை காலியாக இருக்கட்டும். ஆறில் ஐந்துதான் நிரப்ப வேண்டும். அந்த அறையிலும் தோட்டா இருந்தால், துப்பாக்கி கீழே விழும்போது தானாகவே வெடிக்கக்கூடும். ரூகர் 1973இல் கொண்டுவந்த புதிய அமைப்பில் விசையை இழுத்துப் பிடித்தாலொழிய அடியானையின் அடி ஊசிக்குப் போகாது.

இரண்டு அங்குலக் குழல் வேண்டவே வேண்டாம். மருந்தின் ஒரு பகுதி குழலுக்கு வெளியே தீப்பிழம்பாக வீணாகும். உறையையும் இடுப்பில் மாட்டாதீர்கள். மூட்டையின் இடுப்புப் பட்டை அதன் மேலேயே ஏறி உட்காரும். நெஞ்சின் குறுக்கே மாட்டும் உறைதான் நடப்பவருக்கு ஏற்றது, உட்கார்ந்தாலும் குனிந்தாலும் கைக்கு எட்டும். பயிற்சியில் காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு கட்டாயம். மேக்னம் ரிவால்வரின் ஓசை 155 டெசிபலைத் தாண்டும், காது கெட ஒரே வெடி போதும்.

வாங்கும் முன்பு யாரிடமாவது இரவல் பெற்று ஒரு சோதனை செய்யுங்கள். பாதுகாப்பான சுடுதளத்தில், நண்பர் ஒருவர் மூன்று உயிர்த் தோட்டாக்களையும் மூன்று வெற்றுக் கூடுகளையும் கலந்து சிலிண்டரில் இட்டு, நீங்கள் பார்க்காமல் சுழற்றி மூடித் தரட்டும். இருபத்தைந்து மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் காகிதம். விசையை இழுங்கள். வெற்றுக் கூட்டில் ஊசி விழுந்து 'டிக்' என்று மட்டும் கேட்கும் அந்தக் கணத்தில் முன்குறியைப் பாருங்கள். அது அசையாமல் நின்றால் சரி. வெடிக்குப் பயந்து குழல் கீழே குனிந்தால் அந்தக் காலிபர் இப்போதைக்கு உங்களுடையது அல்ல. .44இல் முழுத் தோட்டாவோடு குனிகிறது, .44 ஸ்பெஷலில் குனியவில்லை என்றால் .44 ரிவால்வரையே வாங்கி ஸ்பெஷலிலிருந்து ஏறி வரலாம். ஸ்பெஷலிலும் குனிந்தால் .357ஐ எடுத்து, முதல் இருநூறு தோட்டாக்களையும் .38ஆகவே வாங்குங்கள்.