'தனிமையின் புதிர்ப்பாதை': எந்தப் பதிப்பு, எந்த அத்தியாயம் முதலில்?

மெக்சிகோக் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் தன் நாட்டு மக்களின் மனத்தைப் பற்றி எழுதிய கட்டுரை நூல் இது. இதை ஆங்கிலத்தில் வாங்குகிறவர் முதலில் பதிப்பைப் பார்க்க வேண்டும். லைசாண்டர் கெம்ப் மொழிபெயர்ப்பில் 1961இல் வந்தது மூல நூல் மட்டும். 1985இல் க்ரோவ் வெளியிட்ட தொகுப்பில் 'இன்னொரு மெக்சிகோ' முதலான பிற்காலக் கட்டுரைகளும் உண்டு. அதையே வாங்குங்கள். 1968 அக்டோபர் 2 அன்று மெக்சிகோ நகரின் தலாதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், டெல்லியில் மெக்சிகோ தூதராக இருந்த பாஸ் பதவியை விட்டார். 1950இல் தான் எழுதியதை அதன்பின் அவர் எப்படிப் பார்த்தார் என்பது அந்தக் கட்டுரைகளில் கிடைக்கும்.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போனால் ஐந்தாம் அத்தியாயத்தில் வாசிப்பு நின்றுவிடும். மெக்சிகோ வரலாறு தெரிந்தவர்களை நினைத்து எழுதிய பகுதி அது. ஒரு துண்டுத்தாளில் ஆறு வரி குறித்து உள்ளே வையுங்கள்: 1519 ஸ்பானியப் படைத்தலைவன் கொர்த்தேஸ் வருகை, 1521 அஸ்டெக் தலைநகர் தெனொச்தித்லான் வீழ்ச்சி, 1810 விடுதலைப் போர், 1821 விடுதலை, 1857 அரசியல் சட்டம், 1910 புரட்சி.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர் தொடங்க வேண்டியது மூன்றாம் அத்தியாயம். திருவிழாக்களையும் சாவையும் பற்றியது அது. அதில் மெக்சிகோவின் மித்லா என்ற ஊருக்கு அருகே ஒரு ஏழைக் கிராமம் வரும். ஊராட்சியின் ஆண்டு வருமானம் சுமார் 3,000 பேசோ, கிட்டத்தட்ட அத்தனையும் திருவிழாவுக்கே. சின்ன ஊர்தான், ஆனால் காவல் தெய்வம் இரண்டு என்கிறார் ஊர்த்தலைவர். மாரியம்மன் பண்டிகைக்கு வரி போடும் ஊர்க்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்து இறந்தோர் நாள். அங்கே படையலில் வைக்கும் பூ நம் தோட்டத்துச் செண்டுமல்லிதான், பூர்வீகம் மெக்சிகோ. ஆனால் ஒப்பீட்டை இங்கேயே நிறுத்துங்கள். நடுகல்லை வேடியப்பனாகக் கும்பிடுகிற நமக்குச் செத்த வீரன் இன்றும் ஊர்க்காவல். பாஸ் சொல்லும் இன்றைய மெக்சிகோக்காரனோ வாழ்வையே பொருட்படுத்தாததால் சாவையும் பொருட்படுத்தாதவன். பண்டைய அஸ்டெக்குகளுக்கு மட்டுமே சாவு உலகை இயக்கும் காணிக்கை.

பிறகு முதல் அத்தியாயம்: லாஸ் ஏஞ்சலிஸின் 'பச்சூகோ' இளைஞர்கள், அதாவது அமெரிக்காவில் வளர்ந்து இரு பக்கமும் ஒட்டாத மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். பெங்களூரில் பிறந்து வளர்ந்த தர்மபுரிப் பிள்ளைகளைத் தெரிந்தவர்களுக்கு இது சட்டெனப் பிடிபடும். இருந்தாலும் பாஸ் அவர்களை வெளியே நின்றே பார்க்கிறார். அமெரிக்காவாழ் மெக்சிகோ எழுத்தாளர்கள் இதைக் கண்டித்தது நியாயம்.

நான்காம் அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள். ஒரே ஒரு கெட்ட வார்த்தையைப் பிரித்துப் பிரித்து ஒரு நாட்டின் காயத்தைக் காட்டுகிறார், நூலின் உச்சம் அதுதான். பெரிய குறையும் அங்கேயே. கொர்த்தேஸுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பூர்வகுடிப் பெண் மலின்சே விரும்பியே தன்னை அவனிடம் ஒப்படைத்தாள் என்கிறார். உண்மையில் 1519இல் தபாஸ்கோவில் அவனுக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்பட்ட இருபது பெண்களில் ஒருத்தி அவள். விருப்பம் எங்கிருந்து வந்தது?

ஸ்பானிய மூலத் தலைப்பிலுள்ள 'சொலெதாத்' என்ற சொல் விரும்பித் தனியாக இருப்பதையும் விரும்பாமல் தனித்துத் தவிப்பதையும் சேர்த்தே சொல்லும். ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நம் 'தனிமை'க்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் அதையே போட்டுப் படித்தால் தனிமையைப் பற்றிய பிற்சேர்க்கைக் கட்டுரை எளிதில் திறக்கும்.