பள்ளி வெப் சர்வருக்கு உள் டிஎன்எஸ்: டிஎன்எஸ்மாஸ்க் போதுமா?

போதும். டிஎன்எஸ் என்பது தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை; டிஎன்எஸ்மாஸ்க் அதற்கான ஒரு சிறிய மென்பொருள். ஒரே வளாகம், ஒரு வெப் சர்வர், சில நூறு கணினிகள் என்றால் இதைவிடப் பெரிய மென்பொருள் வீண் சுமைதான். பைண்ட் என்ற பெரிய டிஎன்எஸ் மென்பொருளில் ஸோன் ஃபைல் (டொமைனின் பதிவுகள் உள்ள கோப்பு) எழுதி, திருத்தும்போதெல்லாம் சீரியல் எண்ணை ஏற்ற வேண்டிய தொல்லை இதில் கிடையாது.

தளம் வீட்டிலிருந்து திறக்கும், கம்ப்யூட்டர் லேபில் திறக்காது: வழக்கமான புகார் இதுதான். லேபிலும் அந்தப் பெயருக்குப் பொது ஐபிதான் கிடைக்கிறது. அந்த முகவரிக்குப் போய் அதே ரவுட்டர் வழியாக உள்ளே திரும்ப, ரவுட்டரில் ஹேர்பின் நேட் என்ற வசதி வேண்டும். பல ரவுட்டர்களில் அது இருக்காது. உள்ளே கேட்பவர்களுக்கு சர்வரின் உள் முகவரியை, உதாரணமாக 192.168.10.5 என்று, நேரடியாகச் சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

அதற்கு டிஎன்எஸ்மாஸ்க்கின் கான்ஃபிக் ஃபைலில் ஓரிரு வரிகள் போதும், ஆனால் எந்த வரி என்பது முக்கியம். பலரும் 'அட்ரஸ்' வரியில் பள்ளியின் முழு டொமைனையும் போட்டுவிடுகிறார்கள். அதன் கீழுள்ள எல்லாப் பெயர்களும், மெயில் உட்பட, வெப் சர்வருக்கே வந்து விழும். தளத்தின் பெயரை மட்டும் பிடிக்கும் 'ஹோஸ்ட்-ரெக்கார்டு' வரிதான் சரி. அதே பெயருக்கு ஒரு 'லோக்கல்' வரியும் சேருங்கள். 'அட்ரஸ்' வரியையே வைத்துக்கொள்பவர்களுக்கும் இது அவசியம்: 2.86 பதிப்பு முதல், ஐபிவி4 மட்டும் கொடுத்திருந்தால் ஐபிவி6 கேள்வி வெளி டிஎன்எஸ்ஸுக்குப் போய்விடுகிறது.

உபுண்டுவில் நிறுவியதும் போர்ட் 53 ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி நின்றுவிடலாம். உபுண்டுவோடு வரும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற டிஎன்எஸ் சேவை அங்கே உட்கார்ந்திருக்கிறது. லேன் (உள் நெட்வொர்க்) இன்டர்ஃபேஸின் பெயரைக் குறிப்பிட்டு 'பைண்ட்-இன்டர்ஃபேசஸ்' போட்டால் இரண்டும் சேர்ந்து ஓடும். சிஸ்டத்தின் டிஎன்எஸ் பட்டியலைப் படிக்காமலிருக்க 'நோ-ரிசால்வ்' போட்டு, வெளி டிஎன்எஸ் முகவரிகளை 'சர்வர்' வரிகளில் நீங்களே எழுதிவிடுங்கள்.

இன்னொரு பொறி ஹோஸ்ட்ஸ் ஃபைல், அதாவது கணினியிலேயே பெயர்-முகவரிப் பட்டியல் இருக்கும் கோப்பு. டெபியன், உபுண்டுவில் கணினியின் சொந்தப் பெயருக்கு எதிரே 127.0.1.1 என்று எழுதியிருக்கும். டிஎன்எஸ்மாஸ்க் அதையும் படித்து லேன் முழுக்கப் பரப்பும். ஒவ்வொரு கணினியும் சர்வரைத் தனக்குள்ளேயே தேடும். அந்த வரியில் லேன் முகவரியைப் போடுங்கள். ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாற்றினால், மீண்டும் படிக்கச் சொல்லும் ஹப் (SIGHUP) சிக்னல் போதும். கான்ஃபிக் ஃபைலுக்கு ரீஸ்டார்ட்தான் வழி.

'நேற்று வந்தது, இன்று வரவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் டிஎச்சிபியை (கணினிகளுக்கு ஐபி, டிஎன்எஸ் முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் சேவை) பாருங்கள். இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 கொடுத்திருப்பார்கள், அதற்கு உங்கள் உள் முகவரி தெரியாது. முதலாவது செத்தால்தான் இரண்டாவது என்று எல்லாக் கணினிகளும் காத்திருப்பதில்லை, தோன்றியதைக் கேட்கும். மாற்று ஏற்பாடு வேண்டுமானால் இன்னொரு டிஎன்எஸ்மாஸ்க்கை வைத்து அதே பதிவுகளைக் கொடுங்கள். பதிவுகளைத் தானாக ஒத்திசைக்கும் வசதி இதில் இல்லை, வெப் பக்கமும் இல்லை. பலர் சேர்ந்து நிர்வகிக்கும் இடத்தில், வெப் பக்கம் உள்ள டெக்னீஷியம் என்ற டிஎன்எஸ் மென்பொருள் வசதி.

உள் பெயரை '.லோக்கல்' என்று முடிக்காதீர்கள், உள் நெட்வொர்க்கில் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ்ஸோடு மோதும். பள்ளியின் சொந்த டொமைனையே பயன்படுத்தினால் டொமைனை டிஎன்எஸ் பதிவு மூலம் நிரூபிக்கும் டிஎன்எஸ்-01 முறையில் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் இலவச எச்டிடிபிஎஸ் சான்றிதழும் கிடைக்கும். அதற்காகச் சர்வரை வெளியே திறக்கவே வேண்டாம்.